ரேஸிங் என்றால் என்ன? புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

1895 ஜூன் மாதம், ஒரு கார் போட்டி. பாரிஸில் கிளம்பி போர்டோ வரை போய், மறுபடி பாரிஸுக்கே திரும்ப வேண்டும். சுமார் 1,180 கிலோமீட்டர். எமில் லெவாஸோர் என்பவர் அநேகமாக ஓய்வே எடுக்காமல் ஓட்டி, 48 மணி 48 நிமிடத்தில் வந்து சேர்ந்துவிட்டார். அடுத்த கார் வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் முதல் பரிசு லெவாஸோருக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவதாக வந்தவருக்கும் கிடைக்கவில்லை. லெவாஸோர் வந்து 11 மணி நேரம் கழித்து வந்த பால் கெஷ்லின் அதை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு பேருக்கு மேல் உட்காரக்கூடிய காருக்குத்தான் முதல் பரிசு என்று விதியில் எழுதியிருந்தது. லெவாஸோரின் காரில் இருந்தது இரண்டே இருக்கை.

கேட்டால் அநியாயமாகத்தான் படும். ஆனால் ரேஸிங் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இது நல்ல இடம். வெற்றியை எதை வைத்துக் கணக்கிடுவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டு, அந்தக் கணக்குக்குள் நின்று ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பதுதான் ரேஸிங். வேகம் அதற்கு ஒரு கருவி, அவ்வளவே. கணக்குத் தெரியாமல் பார்த்தால் கார்கள் சுற்றிச் சுற்றி வருவது மட்டும்தான் கண்ணில் படும். பத்து நிமிடத்தில் சேனலை மாற்றிவிடுவோம். கணக்குப் பிடிபட்டால், இடத்தில் எந்த மாற்றமும் இல்லாத பத்து நிமிடத்திலும் என்ன நடக்கிறது என்று தெரியும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 1997 அக்டோபரில் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டி கிரீன் ஓட்டிய த்ரஸ்ட் எஸ்எஸ்சி, மணிக்கு 1,228 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. ஒலியின் வேகத்தைத் தரையில் தாண்டிய கார் அது. ஆனால் அன்று நடந்தது ரேஸ் இல்லை, சாதனை முயற்சி. பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லை. அதேபோல, நெடுஞ்சாலையில் இரண்டு பைக்குகள் சீறிக்கொண்டு போவதைச் சிலர் ரேஸிங் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அங்கே போட்டியாளர்கள் இருக்கிறார்கள், சரி. ஆனால் அந்தப் போட்டியில் சேரச் சம்மதிக்காத லாரிக்காரரும், சாலையைக் கடக்கும் ஆளும் களத்தில் இருக்கிறார்கள். அதற்கு வேறு பெயர் வைக்கலாம்.

ஆரம்ப காலத்தில் பெரிய போட்டிகளே இப்படிப் பொதுச்சாலையில்தான் நடந்தன. 1903இல் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை நடத்தப்பட்ட போட்டியில் ஓட்டியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களுமாகப் பலர் இறந்தார்கள். ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அவர்களில் ஒருவர். பிரெஞ்சு அரசு போர்டோவிலேயே போட்டியை நிறுத்திவிட்டது. அதன் பிறகு மூடிய பாதைகளுக்கு வேகமாக மாறினார்கள். 1907இல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் ட்ராக் திறக்கப்பட்டது. கார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் ட்ராக்குகளில் ஒன்று அது. 1909இல் இண்டியானாபொலிஸ், 1922இல் இத்தாலியின் மோன்ஸா.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் நாம் ஓடுவதை ஓட்டப்பந்தயம் என்கிறோம், குதிரை என்றால் குதிரைப் பந்தயம், படகு என்றால் படகுப் போட்டி. ‘ரேஸிங்’ என்று சொன்னதும் பெரும்பாலும் மனதில் வருவது காரும் பைக்கும். ‘ரேஸுக்குப் போய்ச் சொத்தை அழித்தார்’ என்றால் மட்டும் அது குதிரைதான். அதுவும் பணம் கட்டியவரைப் பற்றிய பேச்சு. இந்தக் கட்டுரையில் எல்லா வகையையும் ரேஸ் என்றே சொல்லப்போகிறேன். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி.

எதை வைத்து ஜெயிப்பது?

எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி, கோட்டை முதலில் தொடுபவர் ஜெயிப்பது எல்லாருக்கும் தெரிந்த வகை. ஓட்டப்பந்தயம், குதிரைப் பந்தயம், கார்கள் ஓடும் ஃபார்முலா ஒன் எல்லாம் இதில் அடங்கும். ஃபார்முலா ஒன்னில் 305 கிலோமீட்டரைத் தாண்டும்வரை எத்தனை சுற்று வருமோ அத்தனை சுற்று ஓட்ட வேண்டும். மொனாக்கோ மட்டும் விதிவிலக்கு. 3.337 கிலோமீட்டர் பாதை, 78 சுற்று, மொத்தம் 260 கிலோமீட்டரோடு முடிந்துவிடும்.

ராலி வேறு மாதிரி. அங்கே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுக் கிளம்பும். எதிராளியைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது, கடிகாரத்தோடுதான் போட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வரப்போகும் ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே குறித்துவைத்த தாளிலிருந்து படித்துக்கொண்டே வருவார். ஓட்டுநர் பாதி கண்ணால் ஓட்டுகிறார், பாதி காதால்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் மூன்று வாரத்து நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். 1989இல் கடைசி நாள் காலையில் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு போட்டி. கிரெக் லெமோண்ட் அந்தத் தூரத்தை அவரைவிட 58 வினாடி குறைவாக ஓட்டி, மொத்தத்தில் 8 வினாடியில் ஜெயித்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல் மிதித்த பிறகு வித்தியாசம் எட்டே வினாடி.

லே மான் 24 மணி நேரப் போட்டியில் கணக்கு தலைகீழ். நேரம் நிலையானது, யார் அதிகத் தூரம் ஓடினார்கள் என்பதுதான் கேள்வி. 1966இல் ஃபோர்டு கார்கள் முதல் மூன்று இடத்தையும் பிடித்து ஓடிக்கொண்டிருந்தன. புகைப்படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று மூன்றையும் சேர்ந்து வந்து கோட்டைக் கடக்கச் சொன்னது நிறுவனம். முன்னால் இருந்த கென் மைல்ஸ் அதற்காக வேகத்தைக் குறைத்தார். முதல் இரண்டு கார்களும் சமமாக வந்தால் வெற்றியும் சமம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார், கிளம்பும்போது மைல்ஸின் காருக்குச் சில மீட்டர் பின்னால் நின்றிருந்தது. அப்படியென்றால் 24 மணி நேரத்தில் அது சில மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது. வெற்றி அதற்கே போனது. மைல்ஸ் இரண்டு மாதத்தில் ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்துபோனார். லே மான் வெற்றி கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. விதிப்படி பார்த்தால் அதிகாரிகள் சொன்னது சரிதான். மனசுதான் கேட்க மாட்டேன் என்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு புறாப் பந்தயத்துடையது. எல்லாப் புறாக்களையும் ஒரே இடத்தில் அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொன்றும் பறந்து சேர்வது அதனதன் கூட்டுக்கு. ஆக, முடிவுக்கோடு என்று ஒன்று கிடையாது, ஓடும் தூரமும் ஒன்றில்லை. அதனால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வேகத்தை எடுக்கிறார்கள். 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கூட்டுக்கு ஒரு புறா 300 நிமிடத்தில் வந்தால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். 310 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கூட்டுக்கு இன்னொன்று 305 நிமிடத்தில் வந்தால் 1,016 மீட்டர். ஐந்து நிமிடம் தாமதமாக வந்த புறாதான் ஜெயிக்கும்.

கிளம்பும் நொடி

ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 வினாடிக்குள் கால் அசைந்தால் தவறான தொடக்கம். மனித உடலால் அவ்வளவு சீக்கிரம் கேட்டுக் கிளம்ப முடியாது, முன்கூட்டியே ஊகித்துக் கிளம்பியிருக்கிறார் என்பது விதியின் வாதம். 2022 உலகத் தடகளப் போட்டியின் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிச் சுற்றில் டெவன் ஆலன் 0.099 வினாடியில் கிளம்பினார் என்று வெளியேற்றினார்கள். ஆயிரத்தில் ஒரு வினாடி. அந்த விதியை நான் இன்னும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கோடு என்று ஒன்று போட்டால் எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும்.

ஃபார்முலா ஒன்னில் ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். ஐந்தும் சேர்ந்து அணைந்தால் கிளம்பலாம். எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாதபடி இடைவெளியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். லே மான் போட்டியில் ஒரு காலத்தில் ஓட்டுநர்கள் பாதையின் எதிர்ப்பக்கம் நின்று, சைகை கிடைத்ததும் ஓடிவந்து காரில் ஏறிக் கிளம்புவார்கள். அவசரத்தில் சீட் பெல்ட்டை ஒழுங்காகப் போடாமலே கிளம்பியவர்கள் உண்டு. 1969இல் ஜாக்கி இக்ஸ் இதை எதிர்த்து, எல்லாரும் ஓட, தான் மட்டும் நிதானமாக நடந்துபோய் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். 24 மணி நேரம் கழித்து, சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில் அவரே ஜெயித்தார். மறுவருடம் அந்தத் தொடக்கமுறையை எடுத்துவிட்டார்கள்.

டிராக் (drag) ரேஸில் தொடக்கமே பாதிப் போட்டி. இரண்டே கார்கள், நேர்க்கோட்டுப் பாதை, வழக்கமாகக் கால் மைல், அதாவது 402 மீட்டர். காரின் ஓட்ட நேரம், சக்கரம் கோட்டைவிட்டு நகர்ந்ததிலிருந்துதான் எண்ணப்படும். விளக்குப் பார்த்து நகர எடுத்த நேரம் தனிக்கணக்கு. ஒருவர் 0.05 வினாடியில் நகர்ந்து 4.80 வினாடியில் ஓடுகிறார், மொத்தம் 4.85. மற்றவர் 0.12 வினாடி தாமதித்து 4.75இல் ஓடுகிறார், மொத்தம் 4.87. பலகையில் வேகமான நேரம் இரண்டாமவருடையது. கோப்பை முதலாமவருக்கு.

காற்றோடு ஒரு பேரம்

ரேஸிங்கில் புதியவர்களுக்குப் புரியக் கடினமானதும், புரிந்தபின் மிகச் சுவையானதும் காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்துப் போக எஞ்சின் எட்டு மடங்கு சக்தி செலவழிக்க வேண்டும். ஆகவே அதிவேகத்தில் போகும் எதுவும் முதலில் சண்டை போடுவது காற்றோடு. முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் தடை குறைந்த ஓர் இடம் உருவாகிறது. இதைத்தான் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்கிறார்கள். அதற்குள் நுழைந்துகொண்டால் அதே எஞ்சினுக்கு வேகம் கூடும். சைக்கிள்காரர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். கூட்டத்துக்கு நடுவே நெருக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட மிச்சமாகும்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது: முன்னால் போவதே சில சமயம் நஷ்டம். சைக்கிள் ட்ராக்கில் நடக்கும் ஸ்பிரிண்ட் போட்டியைப் பாருங்கள். இரண்டே பேர், மூன்று சுற்று. முதல் சுற்றில் இருவரும் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போவார்கள். திடீரென்று ஒருவர் சைக்கிளை அப்படியே நிறுத்திவிடுவார். கால் தரையில் படாமல், முன்சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, தொடை நடுங்க, சமநிலையில் நிற்பார். ‘நீ முன்னால் போ’ என்பதுதான் அதற்கு அர்த்தம். மற்றவரும் நிற்பார். உலகின் மிக வேகமான சைக்கிள்காரர்கள் இருவர் யார் மெதுவாகப் போவது என்று போட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். யாராவது பொறுமையிழந்து பாய்ந்தால் மற்றவர் அவர் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு, காற்றுக்கு மறைவாக வந்து, கடைசி சில மீட்டரில் வெளியே வந்து முந்தப் பார்ப்பார்.

கார்களில் இதன் உச்சம் 1971 மோன்ஸா. அன்றைய மோன்ஸா பாதையில் நீண்ட நேர்வழிகளும் வேகமான வளைவுகளும்தான். கூட்டத்திலிருந்து யாராலும் பிரிந்து போக முடியவில்லை. பிரிந்தால் பின்னால் இருப்பவர் காற்றின் உதவியோடு வந்துவிடுவார். கடைசியில் முதல் ஐந்து கார்களும் 0.61 வினாடிக்குள் கோட்டைக் கடந்தன. பீட்டர் கெதின் ஜெயித்தது 0.01 வினாடியில். ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பில் அவர் ஜெயித்த ஒரே போட்டி அது. மறுவருடம் வேகத்தைக் குறைக்க வளைவுகளைச் சேர்த்துவிட்டார்கள்.

வளைவில் கதை மாறுகிறது. இன்றைய ரேஸ் கார்கள் காற்றைப் பயன்படுத்தித் தம்மைத் தரையோடு அழுத்திக்கொள்கின்றன. அந்த அழுத்தம்தான் டயருக்குப் பிடிப்பு. முன்காரின் பின்னால் வரும் கலங்கிய காற்றில் அந்த அழுத்தம் குறையும், கார் வழுக்கும், டயர் சூடாகும். நேர்வழியில் உதவிய அதே காற்று வளைவில் காலை வாரிவிடுகிறது. ‘வேகமான கார்தானே, ஏன் முந்தமாட்டேன் என்கிறான்?’ என்று வீட்டில் யாராவது கேட்டால் இதுதான் பதில்.

ஒரு வளைவை உற்றுப் பார்ப்போம்

ஓட்டுநரின் திறமை நேர்வழியில் தெரியாது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க யாராலும் முடியும். வளைவுக்கு 100 மீட்டர் முன்னாலிருந்து பாருங்கள். கார் பாதையின் வெளி ஓரத்துக்குப் போகும். அங்கிருந்து உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வரும். வளைவு வலப்பக்கம் என்றால் இடம், வலம், இடம். அப்படிப் போவதால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. டயரின் பிடிப்பு அதேதான் என்றால், ஆரம் நான்கு மடங்கானால் போகக்கூடிய வேகம் இரண்டு மடங்காகும். பாதையின் அகலம் முழுவதையும் பயன்படுத்துவது இதனால்தான். குறுக்குவழியாக உள் ஓரத்தை ஒட்டியே போனால் தூரம் குறையும், ஆனால் வேகம் அதைவிட அதிகமாகக் குறையும்.

அடுத்து பிரேக். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுதான். அதை நிறுத்தவும் பயன்படுத்தலாம், திருப்பவும் பயன்படுத்தலாம். இரண்டையும் முழு அளவில் ஒரே நேரத்தில் கேட்டால் கார் உங்கள் பேச்சைக் கேட்காது. அதனால் நேராகப் போகும்போதே பலமாக மிதித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்பப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். புதியவர்கள் எல்லாரும் வளைவுக்குள் வேகமாக நுழையப் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் வெளியேறும் வேகத்தைப் பார்ப்பார்கள். வளைவுக்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் நேர்வழி இருந்தால், வெளியே வரும்போது மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக இருப்பது அந்த வழி நெடுகப் பலன் தரும்.

டயர் தேயும். தேய்ந்தால் மாற்ற, பாதையோரம் அணியினர் காத்திருக்கும் பிட்டுக்கு வர வேண்டும். ஃபார்முலா ஒன்னில் நான்கு சக்கரத்தையும் சுமார் இரண்டு வினாடியில் மாற்றிவிடுகிறார்கள். 2023இல் கத்தாரில் மெக்லாரன் அணி 1.80 வினாடியில் முடித்தது. ஆனால் பிட் பாதைக்குள் பெரும்பாலான இடங்களில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான் போகலாம் என்பதால், உள்ளே வந்து வெளியே போவதற்குள் சுமார் 20 வினாடி போய்விடும். எப்போது வருவது என்பதில்தான் மூளை வேலை. உங்களுக்கு முன்னால் ஒருவர் 1.5 வினாடி முன்னிலையில் போகிறார். பாதையில் முந்த முடியவில்லை. நீங்கள் ஒரு சுற்று முன்னதாக பிட்டுக்கு வந்து புது டயரோடு போகிறீர்கள். அவர் பழைய டயரோடு இன்னொரு சுற்று ஓடுகிறார். அந்த ஒரு சுற்றில் புது டயர் உங்களுக்கு இரண்டு வினாடி லாபம் தந்தால், அவர் பிட்டிலிருந்து வெளியே வரும்போது நீங்கள் அரை வினாடி முன்னால் இருப்பீர்கள். இதற்கு அண்டர்கட் என்று பெயர். ஒருவரை ஒருவர் முந்திய காட்சியே இல்லாமல் இடம் மாறியிருக்கும்.

சமமாக்குவதா, சுதந்திரமா?

எல்லாரும் ஒரே மாதிரி கார் ஓட்டினால் யார் நல்ல ஓட்டுநர் என்று தெரிந்துவிடும். சில போட்டிகள் அப்படித்தான் நடக்கின்றன. ஃபார்முலா ஒன் அப்படியில்லை. அதன் பெயரில் உள்ள ‘ஃபார்முலா’ என்பதே கார் எப்படி இருக்கலாம் என்று சொல்லும் விதித்தொகுப்பைத்தான் குறிக்கிறது. 2014 முதல் 1.6 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின், கூடவே மின்மோட்டார். அந்த எல்லைக்குள் அவரவர் சொந்தமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். விதியில் ‘கூடாது’ என்று எழுதாத இடத்தைத் தேடுவது பொறியாளர்களின் வேலை. 1976இல் டிரல் அணி ஆறு சக்கரக் காரோடு வந்து ஸ்வீடன் போட்டியில் ஜெயித்தது. 1978இல் அதே ஸ்வீடனில் பிராபம் அணி, காரின் பின்னால் பெரிய மின்விசிறி போல் ஒன்றை வைத்து அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சித் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடியது; நிக்கி லௌடா சுலபமாக ஜெயித்தார். அந்தக் கார் அதன் பிறகு போட்டிக்கு வரவே இல்லை. நான்கு சக்கரத்துக்கு மேல் கூடாது என்று பிற்பாடு விதியும் வந்துவிட்டது.

குதிரைப் பந்தயம் வேறு வழி பிடித்தது. அங்கே ஹேண்டிகேப் என்று ஒரு வகை உண்டு. எந்தக் குதிரை முன்பு நன்றாக ஓடியதோ அதற்குச் சுமையைக் கூட்டுவார்கள். சேணத்துக்கு அடியில் உள்ள பைகளில் ஈயத் தகடுகளைச் செருகி எடையைச் சரிசெய்வார்கள். ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி எடை காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முடிந்த பிறகு ஜெயித்தவர் மறுபடி தராசில் ஏற வேண்டும். நடுவில் தகட்டை எறிந்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வார். எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பதுதான் எடை நிர்ணயிப்பவரின் கனவு. நன்றாக ஓடியதற்குத் தண்டனையா என்று தோன்றலாம். ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த ரேஸை யார் பார்ப்பார்கள்?

கோட்டில் எது பட வேண்டும்?

காருக்கும் குதிரைக்கும் முன்முனை. குதிரைக்கு அது மூக்கு. மனிதருக்கு உடற்பகுதி, கையும் காலும் தலையும் கணக்கில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டரில் இதைத் தெளிவாகப் பார்த்தோம். நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இருவருக்கும் 9.79. ஆயிரத்தில் பார்த்தால் லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789. தாம்சனின் கால் முதலில் கோட்டைத் தாண்டியிருந்தது. லைல்ஸின் மார்பு முந்திக்கொண்டது.

அந்தப் படத்தில் கால்கள் கோணல்மாணலாக நீண்டு தெரிவதற்கும் காரணம் உண்டு. ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா முடிவுக்கோட்டை மட்டுமே பார்க்கிறது. ஒரு மெல்லிய கீற்றை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிறது. படத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு இடங்கள் போல் தெரிந்தாலும் ஒரே இடம்தான்; நேரம்தான் வேறு.

அப்படியும் சமமாக வந்தால்? 1997இல் ஹெரெஸ் நகரில், ஃபார்முலா ஒன்னில் கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் வில்னவ், ஷூமேக்கர், ஃப்ரென்ட்ஸன் மூவரும் 1 நிமிடம் 21.072 வினாடி. மூவருக்கும் கடைசி இலக்கம் வரை ஒன்றே. அந்த நேரத்தை முதலில் எடுத்தவர் என்பதால் வில்னவுக்கு முதலிடத்தைக் கொடுத்தார்கள்.

முதல்முறை டிவியில் பார்க்கும்போது

கொடிகளில் நான்கைந்து தெரிந்தால் போதும். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் நிறுத்தம். நீலம் என்றால் உன்னை ஒரு சுற்று முந்தப்போகும் கார் பின்னால் வருகிறது, வழி விடு. கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் முடிந்தது. விபத்து பெரிதென்றால் பாதுகாப்புக் கார் வந்து எல்லாரையும் வரிசையாக மெதுவாக நடத்திக்கொண்டு போகும். அப்போது 30 வினாடி முன்னிலையில் இருந்தவரின் உழைப்பு அத்தனையும் கரைந்து, எல்லாரும் அவர் முதுகில் வந்து நிற்பார்கள்.

திரையின் ஓரத்தில் பெயர்களும் எண்களும் ஓடிக்கொண்டிருக்கும். முதலிடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கார்களின் இடைவெளியைப் பாருங்கள். 3.2, 2.7, 2.1, 1.6 என்று சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வந்தால் அங்கே ஏதோ நடக்கப்போகிறது. புள்ளிகள் முதல் பத்துப் பேருக்கு 25, 18, 15 என்று தொடங்கிக் கடைசியில் 1 வரை இறங்கும். அதனால் பத்தாவது இடத்துக்கான சண்டை சில சமயம் முதலிடத்துச் சண்டையைவிடக் கடுமையாக இருக்கும்.

களத்துக்கு வெளியே

எஞ்சின் ‘ரேஸ் ஆகிறது’ என்று மெக்கானிக் சொன்னால் அங்கே போட்டி எதுவும் இல்லை. சுமை இல்லாமல் எஞ்சின் வெறுமனே வேகமெடுத்துச் சுழல்கிறது என்று பொருள். நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அலறுமே, அதுதான். அலையில் கப்பலின் பின்பகுதி தூக்கப்பட்டு, புரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால், தள்ளத் தண்ணீர் இல்லாமல் தறிகெட்டுச் சுழலும். கப்பல்காரர்களும் அதை இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். இதயம் ரேஸ் ஆகிறது என்பதும் இதன் உறவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் வயதுவந்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 100க்கு மேல் துடித்தால் மருத்துவர்கள் அதை அதிவேகத் துடிப்பு என்று கணக்கில் எடுப்பார்கள்.

மென்பொருள்காரர்களின் ‘ரேஸ் கண்டிஷன்’ மட்டும் நிஜமான ரேஸ். ஆனால் யாரும் நடத்தாமலே நடக்கும் ரேஸ். ஒரு பேருந்தில் ஒரே ஓர் இருக்கை காலி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள். முதல் ஆளுக்கான நிரல் ‘எத்தனை இருக்கை இருக்கிறது?’ என்று பார்க்கிறது: ஒன்று. அது குறைத்து எழுதுவதற்குள் இரண்டாவது ஆளுக்கான நிரலும் பார்க்கிறது: அதற்கும் ஒன்று. இரண்டுமே ‘பதிவாகிவிட்டது’ என்கின்றன. ஆயிரம் முறை சோதித்தாலும் தவறு தெரியாமல் போகலாம். ஏனென்றால் பெரும்பாலான நேரம் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது வரும். 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை எந்திரம் குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைக் கொடுத்ததில் இந்த வகைப் பிழைக்கும் பங்கு இருந்தது. எந்திரத்தை இயக்கியவர் திரையில் திருத்தங்களை மிக விரைவாகச் செய்தபோதுதான் அது வெளிப்பட்டது. இதற்குப் போடும் வைத்தியத்தின் பெயர் ‘லாக்’. ஒரு நிரல் இருக்கை எண்ணிக்கையைப் பார்த்து, குறைத்து, எழுதி முடிக்கும்வரை அடுத்தது அதைத் தொட முடியாதபடி பூட்டி வைப்பார்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் வந்து நிற்க மாட்டார்கள்.